ஜி.பி. ரோட்டிலிருந்து தலைகுந்தா வரை: ஹீட்டட் கிரிப்போடு ஒரு மார்கழிப் பயணம்

செவ்வாய், ஜி.பி. ரோடு

"சார், சென்னைல இருந்துகிட்டு கைக்கு ஹீட்டரா? கூலர் கேளுங்க, தேடித் தரேன்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கை அதற்குள் மேல்தட்டில் எதையோ துழாவ ஆரம்பித்திருந்தது. சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜி.பி. ரோட்டில் அதுதான் அழகு. கிண்டல் செய்வார்கள், ஆனால் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். தன் கடையில் இல்லாவிட்டால் பையனை நாலு கடை தள்ளி அனுப்பி வாங்கி வந்து கொடுத்துவிடுவார்கள்.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போதெல்லாம் மார்கழி விடிகாலையில் 20, 21 இருந்தாலே நாம் மப்ளர் கட்டிக்கொள்கிறோம். இந்த ஊர்க்காரனுக்கு ஹீட்டட் கிரிப், அதாவது பைக் ஹேண்டிலில் கரண்டில் சூடாகும் கைப்பிடி, எதற்கு?

ஊட்டிக்குத்தான். போன குளிர்காலத்தில் குன்னூர் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்த விரல்கள் லீவரை விட்டு வர யோசித்தன. வலி இல்லை, நடுக்கம் இல்லை, வெறுமனே தாமதம். அதுதான் பயமுறுத்தியது. விரலை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் ஓடுவது தசைநாணும் எலும்பும்தான். குளிர் ஏறினால் உடம்பு முதலில் நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும், விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஊட்டிக்காரர்களுக்குப் பழகியிருக்கும். வருடம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு எங்கே பழகும்? அதனால் இந்தச் சாமான் ஊட்டிக்காரரைவிட நமக்குத்தான் அதிகம் தேவை என்பது என் கட்சி.

கடையில் இரண்டு வகை காட்டினார். ஒன்று, இருக்கிற கிரிப் மேலேயே துணிப்பட்டை மாதிரி சுற்றிக்கொள்வது. கழற்றுவது சுலபம், விலையும் குறைவு. ஆனால் கைப்பிடி தடித்துவிடும், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது நழுவும். மேடு ஏறும்போது நழுவுகிற ஆக்ஸிலேட்டர் எனக்கு வேண்டாம். இன்னொன்று, பழைய கிரிப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒட்டுவது. ரப்பருக்குள்ளேயே மின்தடைக் கம்பி புதைந்திருக்கும். அதைத்தான் எடுத்தேன்.

பில் போடுவதற்கு முன் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து வைத்ததும் கடைக்காரர் முகத்தில் சிரிப்பு போய் மரியாதை வந்தது. இடது கிரிப் 8.1 ஓம், வலது 8.0. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று 8, இன்னொன்று 12 என்றால் அந்த ஜோடியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். கணக்கு எளிது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 13.5 வோல்ட்டில் ஒரு கிரிப்புக்கு 23 வாட், இரண்டுக்கும் சேர்த்து 45 வாட் சொச்சம். கரண்ட் 3.4 ஆம்பியர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பயணம் முழுக்க வரும்.

புதன், அயனாவரம்

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு ஆயில் மாற்றுவது ஐந்து நிமிட வேலை, ஒயரிங் என்றால் அரை நாள். "கரண்டு வேலைல அவசரப்பட்டா நடுரோட்ல நிறுத்தி வேடிக்கை காட்டும் தம்பி" என்பார்.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. பெயர்தான் இமயம். என்னிடம் வந்த பிறகு அது அதிகம் பார்த்தது பழவேற்காடும் மாமல்லபுரமும்தான்.

இடது கிரிப்பை பிளேடால் நெடுக்கக் கீறி உரித்தார். ஹேண்டில் பாரில் ஒட்டியிருந்த பழைய பசையை பெட்ரோல் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அங்கே வேலை அவ்வளவுதான். வலது பக்கம்தான் நேரம் பிடித்தது. ஆக்ஸிலேட்டர் ஸ்லீவ் பிளாஸ்டிக். கம்பெனி கிரிப் சுழலாமல் இருக்க அதன் மேல் வரிவரியாக மேடுகள் இருக்கும். ஹீட்டட் கிரிப் அதற்கு மேல் ஏறாது. அந்த மேடுகளை அரத்தால் ராவி வழவழப்பாக்க வேண்டும். அதிகம் ராவினால் ஸ்லீவ் மெலிந்து உடையும். அண்ணன் நாலு இழுப்பு இழுப்பார், கிரிப்பை மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி நாலு இழுப்பு. பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

வலது கிரிப்பின் உள்விட்டம் இடதைவிடக் கொஞ்சம் பெரிது என்பதைக் கவனியுங்கள். இடது நேராக 22 மில்லிமீட்டர் கம்பியில் உட்காரும், வலது அந்த ஸ்லீவின் மேல். மாற்றி மாட்ட முடியாது.

அப்புறம்தான் முக்கியமான இடம். ஒட்டுவதற்கு முன் கிரிப்பைச் சும்மா மாட்டி, ஒயர் எந்தக் கோணத்தில் வெளியே வர வேண்டும் என்று பார்த்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது அந்த ஒயரும் கூடவே சுழலும். மேலே வந்தால் பிரேக் லீவரில் உரசும், பின்னால் வந்தால் கட்டைவிரலில் தட்டும். முன்பக்கம் கொஞ்சம் கீழ்நோக்கி வருகிற மாதிரி நிறுத்தி, கிரிப்பிலும் சுவிட்ச் பெட்டியிலும் சேர்ந்தாற்போல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பசை தடவியபின் சில நொடிதான் அவகாசம். அதற்குள் அந்தக் கோட்டைக் கோட்டோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டும். வாயில் டார்ச், இரண்டு கையிலும் கிரிப். ஒரே தள்ளு. கோடு சேர்ந்தது.

கிரிப் முனைக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவே நூலிழை இடைவெளி விட்டார். முட்டினால் ஆக்ஸிலேட்டர் திரும்பி வராது. ஹேண்டில் பாரை முழுக்க இடதுபக்கம் ஒடித்து, முறுக்கி விட்டுப் பார்த்தார். டக். முழுக்க வலதுபக்கம் ஒடித்து மறுபடி. டக். அந்தச் சத்தம் கேட்கும்வரை அவர் வேறு எதையும் தொடவில்லை. வீட்டில் நீங்களே மாட்டினாலும் இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிரிப் சூடாகாவிட்டால் கை குளிரும், அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டர் திரும்பாவிட்டால் கதையே வேறு.

ஒயரிங்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30-ஆம் கால். 87-லிருந்து, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலருக்கு. 85, 86 இரண்டும் ரிலே காயில்; அதில் ஒன்றுக்கு எர்த், இன்னொன்றுக்குப் பார்க்கிங் லைட் ஒயர். சாவி போட்டால்தான் பார்க்கிங் லைட்டுக்குக் கரண்ட் வரும், அப்போதுதான் ரிலே பிடிக்கும், அப்போதுதான் கிரிப்புக்குப் போகும். சாவியை எடுத்தால் எல்லாம் செத்துவிடும். நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டு ராத்திரி அணைக்க மறந்தால் காலையில் கிக்கர்கூட இல்லாத இந்த வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

இணைப்பு ஒவ்வொன்றுக்கும் சால்டரிங், மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். டேப் சுற்றினால் போதாதா என்று கேட்டேன். "நம்ம வெயிலுக்கு அந்தப் பிசின் உருகி வழியும் தம்பி. ரெண்டு கோடை தாங்காது." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வியாழன் இரவு, காமராஜர் சாலை

ஊட்டிக்குப் போய்த்தான் சோதிக்க வேண்டும் என்றால் எப்படி? ராத்திரி சாப்பிட்டுவிட்டு மெரினா பக்கம் ஒரு சுற்று. மீட்டரில் 26 டிகிரி. ஹிமாலயனில் வெப்பநிலை காட்டும், ஆனால் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கிரிப்பை முழு நிலையில் வைத்தேன். லைட் ஹவுஸ் தாண்டுவதற்குள் உள்ளங்கை வியர்த்து, கையுறை நனைந்து, சாந்தோம் சர்ச் வாசலில் அணைத்துவிட்டேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் கன்ட்ரோலரின் சிவப்பு விளக்கைப் பார்த்து "என்ன பாஸ் இது, அலாரமா?" என்றார். ஹீட்டர் என்றேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

சூடாகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது வோல்ட் கணக்கு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க வழியில்லை, எஞ்சின் ஓடினால் அது எரியும். டிம்மில் 55 வாட். அதன் மேல் நம் 45 வாட், பிரேக் லைட், இண்டிகேட்டர். வீட்டு வாசலில் வண்டியை ஐடிலில் விட்டு, கிரிப்பை முழு நிலையில் வைத்துப் பேட்டரியில் மீட்டரைக் குத்தினேன். 12.6. கொஞ்ச நேரத்தில் 12.4. அதாவது எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது போதாமல் பேட்டரியிலிருந்து எடுக்கிறது. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து 3000 ஆர்.பி.எம். வைத்ததும் 13.8. இப்போது பேட்டரி ஏறுகிறது.

ஆக, ஓடும்போது போடு, நின்றால் அணை. கோயம்பேட்டு நெரிசலில் இதை எரியவிட்டுக்கொண்டு நின்றால் பேட்டரிக்குத்தான் சங்கு.

வெள்ளி, சென்னை – மேட்டுப்பாளையம்

மச்சினனும் வருகிறான், தன் வண்டியில். அவனிடம் ஹீட்டட் கிரிப் இல்லை, அக்கா பின்னிக்கொடுத்த கம்பளிக் கையுறை இருக்கிறது. "மாமா, நீங்க கரண்ட்டை நம்புங்க, நான் எங்க அக்காவை நம்புறேன்." நல்லது, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைத்தது.

நாலு மணிக்குக் கிளம்பி பூந்தமல்லி, ஶ்ரீபெரும்புதூர். இடதுபக்கம் திரும்பினால் ஒரகடம், இந்த வண்டிக் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கும் ஊர். ராணிப்பேட்டை வரை கிரிப்பை நினைக்கவே இல்லை. பாலாற்றின் மேல் ஏறியபோது மணலிலிருந்து ஒரு சில்லிப்பு வந்தது, அவ்வளவுதான்.

ஆம்பூருக்கு பிரியாணி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம். ஆம்பூரைப் பிரியாணி இல்லாமல் கடப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று எழுத ஆரம்பித்தால் இன்றைய பதிவு முடியாது. டீ மட்டும்.

வாணியம்பாடி தாண்டியதும் பனிமூட்டம். இடதுபக்கம் ஏலகிரி இருக்க வேண்டும், அடிவாரம்கூடத் தெரியவில்லை. மீட்டர் 17. நின்றுகொண்டிருந்தால் இதமான காலை. எண்பதில் ஓடினால் அரைமணியில் விரல்நுனி மரத்துப்போகிறது. இங்கேதான் முதல் தடவை பொத்தானை அழுத்தினேன், இருப்பதிலேயே குறைந்த நிலை. கிருஷ்ணகிரி வரை அப்படியே. கை சூடாக இருக்கிறது என்று தோன்றவில்லை. குளிரவில்லை என்பதைத்தான் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தேன். சமவெளிக்கு இந்த நிலையே அதிகம்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே நிதானமாக இறங்கி சேலம். அதற்கப்புறம் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி எல்லாம் வெயில். கறுப்பு ரப்பர் தானாகவே சுட்டது. மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்தாயிற்று. தெருவெங்கும் வாழைத்தார் லாரிகள்.

சனி, மலை ஏற்றம்

கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு இது வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. போனிலேயே எடுத்துவிடலாம். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் மச்சினன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

பர்லியார் வரை ஈரமான காடு, பலாப்பழ வாசனை இல்லாத பருவம். வளைவுகளில் வேகம் முப்பதைத் தாண்டாது, எஞ்சின் முழுமூச்சில் இழுக்கும், அந்தச் சூடே காலுக்கு வந்துவிடும். கைக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. குளிரை உண்டாக்குவது வேகம்தான் என்பதை ஏற்றம் நன்றாகக் காட்டுகிறது.

குன்னூர் தாண்டி வெலிங்டன் பக்கம் வந்ததும் காற்று மாறியது. ஊட்டி நகரத்துக்குள் சரியான நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கன்ட்ரோலர் விளக்கு கண்ணைச் சிமிட்டி அணைந்துவிட்டது. பழுது இல்லை. பேட்டரி வோல்ட் இறங்கினால் தானே வெட்டிவிடும் பாதுகாப்பு. வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாததும் கடையில் கிடக்கிறது.

ராத்திரி அறை வாசலில் வண்டியை நிறுத்தும்போது மீட்டர் 9. நட்சத்திரம் துல்லியமாகத் தெரிந்தது. "மேகம் இல்ல, காத்து இல்ல. நாளைக்கு நல்லா விழும்" என்றார் விடுதிக்காரர். நேற்று வரை நீர்ப்பனிதானாம்.

ஞாயிறு, தலைகுந்தா

விழுந்தது.

ஐந்தரை மணிக்கு வெளியே வந்தால் சீட்டின் மேல் வெள்ளையாக உப்பு பூத்த மாதிரி. விரலால் கோடு போட்டால் கோடு நின்றது. மீட்டர் 5 காட்டியது. கூட்டிக் காட்டும் கணக்கைக் கழித்தால் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். காற்று பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போதே புல்லும் சீட்டும் உறையும். தெளிந்த வானத்தை நோக்கித் தரை தன் சூட்டை விட்டுவிடுவதால் தரையையொட்டி மட்டும் குளிர் கூடுகிறது. பள்ளமான புல்வெளிகளில் அந்தக் குளிர்காற்று வழிந்து தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவும் காந்தலும் வெளுக்கும்போது மேட்டில் இருக்கிற தெரு வெறும் ஈரமாக இருக்கும்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியது. குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறையும். கிரிப்பை உடனே போடவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, வண்டி நகர்ந்து, தெருமுனை தாண்டியபிறகுதான் முழு நிலைக்கு அழுத்தினேன்.

காற்றுக்குளிர் கணக்கு ஒன்று இருக்கிறது. 5 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு மைனஸ் 2 மாதிரி இருக்கும். அந்தக் கணக்கு முகத்துக்குச் சொன்னது, ஆனால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் விரலின் வெளிப்பக்கமும் முகம் மாதிரி காற்றில்தானே நிற்கிறது. இதைத்தான் இன்று நன்றாக அனுபவித்தேன். உள்ளங்கை தோசைக்கல் மேல் வைத்த மாதிரி, விரல்களின் மேல்பக்கம் மரக்கட்டை. ஒரே கைக்குள் இரண்டு பருவம். முழு 45 வாட்டும் போய்க்கொண்டிருக்கிறது, அப்படியும் விரல் மூட்டு மடங்க யோசிக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். வலது கை பொசுக்குகிறது, இடது கை வெதுவெதுப்புதான். மல்டிமீட்டரில் இரண்டும் சமமாகத்தானே இருந்தன? காரணம் உள்ளே இருக்கிறது. வலதில் பிளாஸ்டிக் ஸ்லீவ், சூடு உள்ளே போகாமல் வெளியே நம் கைக்கே வருகிறது. இடதில் கிரிப் நேராக இரும்புக் கம்பியில் ஒட்டியிருக்கிறது. பனியில் கிடந்த அந்தக் கம்பி பாதிச் சூட்டைத் தான் குடித்துவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் இடதுபக்கக் கம்பியில் ஒரு சுற்று மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரிப் அதற்கு மேல் ஏறுமளவு இடம் இருந்தால் நல்ல யோசனை.

பைன் காட்டுக்கு முன்னால் டீக்கடை. புல்வெளி முழுக்க வெள்ளை, செல்ஃபி எடுக்கிற கூட்டம், ஷூ போட்டு மிதித்தால் நொறுங்குகிற சத்தம். எல்லாரும் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அங்கே வந்து நின்ற பால்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஸ்ப்ளெண்டர், இரண்டு பக்கமும் கேன். ஹேண்டில் பாரின் இரு முனையிலும் தடித்த பிளாஸ்டிக் சாக்கை மடித்து, லீவருக்கு முன்னால் திரை மாதிரி கட்டியிருந்தார். உள்ளே வெறுங்கை. கையுறைகூட இல்லை.

"குளிரலையாங்கய்யா?"

"காத்து அடிச்சாத்தானே தம்பி குளிரும்?"

என் கன்ட்ரோலரைக் குனிந்து பார்த்தார். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தார்.

மச்சினன் என் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, ஒண்ணும் தெரியலையே" என்றான். தெரியாதுதான். அக்கா பின்னிய கம்பளி உள்ளங்கையிலும் அதே தடிமன்; கிரிப்பின் சூட்டை அது உள்ளே விடாது. ஹீட்டட் கிரிப் போட்டவருக்கு உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோலும் வெளிப்பக்கம் தடித்த துணியும் இருக்கிற கையுறைதான் சரி. என் கையுறையைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தவன் அதைக் கழற்ற மனமில்லாமல் நின்றான். அக்காவிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

பால்காரர் கட்டியிருந்த மாதிரி ஒரு காற்றுத் திரை செய்ய, மதியம் ஊட்டியில் ஒரு மெக்கானிக் கடையில் காலி எஞ்சின் ஆயில் கேன் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கத்திரியால் இரண்டாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, கண்ணாடித் தண்டிலும் லீவர் கிளாம்பிலுமாகக் கேபிள் டை போட்டு இறுக்கினோம். லீவரை முழுக்க அழுத்தினாலும் முட்டாமல், ஹேண்டிலை ஒடித்தாலும் டேங்கில் இடிக்காமல் இருக்க வேண்டும். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கத்தில் ஆயில் கம்பெனிப் பெயர் பாதியும் மறுபக்கத்தில் மீதியுமாகத் தெரிகிறது.

திங்கள், கோத்தகிரி இறக்கம்

அதே ஐந்தரை, ஏறக்குறைய அதே குளிர். வித்தியாசம் அந்த ஆயில் கேன் மட்டும்.

தொட்டபெட்டா பிரிவு தாண்டும்போது முழு நிலையில் வைத்திருந்ததைக் குறைத்தேன். கட்டபெட்டுக்கு முன் இன்னொரு படி குறைத்தேன். கோத்தகிரி வரை அந்த நிலையிலேயே வந்தேன். விரல்களின் மேல்பக்கமும் உயிரோடு இருந்தது. நேற்று முழு 45 வாட் செய்யாததை இன்று அதில் பாதிகூட இல்லாத கரண்ட் செய்துவிட்டது. பால்காரர் ஐயாவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு. ஹீட்டட் கிரிப் வாங்கக் காசு ஒதுக்குகிறவர்கள், முதலில் கைக்கு முன்னால் காற்றை மறைக்கும் ஹேண்ட் கார்டுக்கு ஒதுக்குங்கள். மீதியிருந்தால் கிரிப். இரண்டும் சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது.

இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில், குறைந்த கியரில், ஆர்.பி.எம். நன்றாக நிற்பதால் வோல்ட்டும் குறையவில்லை. தேயிலைச் சரிவில் விடிந்துகொண்டிருந்தது. சில தோட்டங்களில் இளஞ்செடிகளைப் புல் போட்டு மூடி வைத்திருந்தார்கள், பனியில் கருகாமல் இருக்க. நிழல் விழும் வளைவுகளில் ரோடு ஈரமாகப் பளபளத்தது. ஈரமா பனியா என்று தெரியாத இடத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, இரண்டு விரலால் தடவுகிற மாதிரி பிடிக்க வேண்டும். அந்த இரண்டு விரலுக்கு உணர்ச்சி இருந்தால்தான் அப்படிப் பிடிக்க முடியும். போன வருடம் முடியவில்லை. இன்று லீவரில் இருந்த சின்னக் கீறல்கூட விரலில் தட்டுப்பட்டது.

அரவேணு தாண்டிக் கீழே இறங்க இறங்கச் சூடு ஏறியது. மேட்டுப்பாளையத்தில் கிரிப்பை அணைத்து, ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டினோம். சேலம் வரை வந்து தங்கல்.

செவ்வாய், சென்னை

ஆம்பூரில் இந்த முறை நேரம் பொருந்தியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் வேறு பதிவாகிவிடும்.

ஶ்ரீபெரும்புதூர் தாண்டியதும் எதிர்பார்க்காத மழை. பருவம் முடிந்தபிறகு வருகிற வழிதவறிய மழை, பூந்தமல்லி வரை விடவில்லை. கையுறை தொப்பலாக நனைந்துவிட்டது. 24 டிகிரிதான், ஆனால் ஈரத்துணி மேல் காற்று அடித்தால் சூடு ஓடிப்போகும், விரல் வெளுத்துச் சுருங்கும். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று குறைந்த நிலையில் போட்டேன். மதுரவாயல் வருவதற்குள் உள்ளங்கைப் பக்கம் காய ஆரம்பித்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஈ.சி.ஆரில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஊட்டிக்குப் போகாமலேயே இது பயன்படும் போலிருக்கிறது. அந்த ஜி.பி. ரோடு கடைக்காரருக்கு இதைச் சொல்லி விற்கச் சொல்ல வேண்டும்.

அயனாவரத்தில் அண்ணன் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், ரிலே காலைத் தொட்டுப் பார்த்தார், வலதுபக்க ஒயரை விரலால் நெடுக உருவிப் பார்த்தார். உரசல் எங்கும் இல்லை. ஆயில் கேனைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார். சரியான ஹேண்ட் கார்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மூன்று பேர் ஸ்கூட்டரில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவரிடமே கேட்டேன். என் வண்டியில் 8 ஆம்பியர்-மணி பேட்டரி. ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 4, 5தான் இருக்கும். சார்ஜ் ஏறாத நெரிசலில் 3.4 ஆம்பியரை இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கெல்லாம் படுத்துவிடும். போட்டே ஆகவேண்டும் என்றால் ஐடிலில் ஹெட்லைட்டோடு எத்தனை வோல்ட் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அதிலேயே 12.5-க்குக் கீழே இருந்தால் கிரிப் வேண்டாம், மழைக்கு நல்ல கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனிடம் காட்ட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடை லீவு.